தாங்குவது வேறு, தழைப்பது வேறு



ஞாயிறு வாசகங்களைப் பற்றி எழுதும் இப்பக்கத்தில் இன்று ஒரு செடியைப் பற்றி எழுதுகிறேன். கோடை நெருங்குகின்றது. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மூவர் தனித்தனியே வந்து ஒரே கேள்வியைக் கேட்டனர்: "சுவாமி, வெயில் விழுகிற இடத்தில ஹொஸ்டா வளருமோ?"

நின்ற நிலையில் ஒரு சொல்லில் பதிலளிக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பு ஒருமுறை இதே கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறாயிற்று. அதற்கான விலையை வயது முதிர்ந்த ஓர் அம்மாவின் பூச்சாடி கொடுத்தது. எனவே இம்முறை விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

அந்த அம்மா எண்பதைக் கடந்தவர். மெல்பேர்ணின் பழைய புறநகர் ஒன்றில், பெரிய மரங்கள் நின்ற தெருவில், பல ஆண்டுகள் மகன் குடும்பத்தோடு வாழ்ந்தவர். வேலிக்கு அப்பால் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கும் இவருக்கும் பொதுமொழி அதிகம் இல்லை. ஆயினும் இவர் வடை கொடுப்பார், அவர் செடி கொடுப்பார். அப்படி வந்ததுதான் அந்த ஹொஸ்டா. நீலம் கலந்த அகன்ற இலைகள். மரத்தடியில் வைத்த சாடியில் ஆண்டுதோறும் பெருகியது. அந்தப் பெண்மணி இறந்துபோனார். அதன்பின் மகன் நகரின் விளிம்பில் புதிதாக எழுந்த குடியிருப்பொன்றில் வீடு கட்டி, எல்லோரையும் அழைத்துக்கொண்டு குடிபெயர்ந்தார். புதிய வீடு, விசாலமான வீடு. ஆனால் தெரு முழுவதும் நிழல் தரும் மரம் ஒன்றுகூட இல்லை.

வீட்டை ஆசீர்வதிக்கப் போனேன். சாடியை எங்கே வைக்கலாம் என்று அம்மா கேட்டார். தோட்டக்கலையில் எனக்குச் சிறிது ஆர்வம் உண்டு. இங்கிலாந்தில் அச்சான ஒரு நூலில், நிழல் விரும்பும் செடிகளுக்கு வடக்குச் சுவரோரம் உகந்தது என்று வாசித்திருந்தேன். "வடக்குப் பக்கம் வையுங்கோ அம்மா" என்றேன். தைமாதத்தில் மறுபடி சென்றபோது இலைகள் பழுப்புக் காகிதமாய்ச் சுருண்டு கிடந்தன. "சுவாமி, இதுக்கு உயிர் இருக்கோ?" என்று கேட்டார்.

என் பிழை எதுவென்று உங்களில் பலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். இங்கிலாந்தில் நடுப்பகல் ஞாயிறு தெற்கே நிற்கும். அங்கே வடக்குச் சுவர் நிழற்சுவர். மெல்பேர்ண் தெற்கு அகலாங்கு 38 பாகைக்கு அருகில் உள்ளது. சிட்னி 34 பாகைக்கு அருகில். இங்கே நடுப்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் வடக்கே நிற்கின்றது. நமது வடக்குச் சுவர்தான் வெயில் காயும் சுவர். யாழ்ப்பாணத்திலும் ஆண்டின் பெரும்பகுதி உச்சி ஞாயிறு சற்றுத் தெற்கே சாய்ந்தே நிற்பதால், ஊரில் பழகிய நம் உடலின் திசையுணர்வும் இந்த மண்ணில் தலைகீழாகின்றது. வேறொரு நாட்டு வெயிலுக்கு எழுதிய அறிவுரையை அப்படியே இங்கு ஒப்பித்தேன். செடி எரிந்தது.

இனிச் செடியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹொஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகள். காட்டோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் ஈரப் பாறையிடுக்குகளிலும் வளர்வது. 1812ஆம் ஆண்டில் ஒஸ்திரியத் தாவரவியலாளர் நிக்கொலாஸ் தோமஸ் ஹொஸ்ட் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டினர். குளிர்காலத்தில் இலைகள் முற்றாக மடிந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு போன்ற அடிக்கட்டை உறங்கும். இங்கே செப்தெம்பரில் கூரிய முளைகள் மண்ணைப் பிளந்து வரும். பெயர் அந்நியமாய் ஒலித்தாலும் இதன் குடும்பம் நமக்கு அந்நியமன்று. நம் ஊர்ச் சாத்தாவாரியும், வேலியோர மருளும், பூமாலையில் மணக்கும் நிலச்சம்பங்கியும் தாவரவியலார் கணக்கில் இதன் உறவினர்களே. ஆனால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இயல்பினர் அல்லர். மருள் பாறைமேல் வெயில் காயும், ஹொஸ்டா காயாது.

ஏன் காயாது? அதன் இலை அகலமானது. தண்ணீரைத் தாராளமாய் ஆவியாக்குவது. வேரோ பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுவது. நாற்பது பாகை வெப்பத்தில், வறண்ட வடகாற்று வீசும் பிற்பகலில், இலை இழக்கும் நீரை வேரால் அதே வேகத்தில் அனுப்ப முடிவதில்லை. முதலில் இலையின் விளிம்பு பழுக்கும். பின் நடுவில் வெளிறிய திட்டுகள் தோன்றும். அவை மீண்டும் பச்சையாவதில்லை. எல்லா வகைகளும் ஒரே அளவில் கருகுவதுமில்லை. நீல இலை வகைகளின் நீலம் உண்மையில் நிறமன்று. நீற்றுப்பூசணிக்காயின் மேல் படியும் வெண்சாம்பலைப் போன்ற மெழுகுப் பூச்சு அது. கடும் வெயிலில் அந்தப் பூச்சுக் கெட்டு, நீலம் மங்கிவிடும். வெள்ளை வரி ஓடும் வகைகளில் வெள்ளைப் பகுதிக்குப் பச்சையம் இல்லை. அப்பகுதியே முதலில் கருகும்.

இந்த நாட்டின் வெயிலையும் நாம் மறந்துவிடலாகாது. 2009 பெப்ரவரி 7ஆம் நாள், கருஞ்சனி என்று நினைவுகூரப்படும் அந்தக் காட்டுத்தீ நாளில், மெல்பேர்ண் நகரில் 46.4 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. 2020 சனவரி 4ஆம் நாள், சிட்னியின் மேற்கு விளிம்பிலுள்ள பென்ரித்தில் 48.9 பாகை. நம் மக்கள் செறிந்து வாழும் வென்வேர்த்வில், ரூங்காபி, பெண்டில் ஹில் யாவும் சிட்னியின் அந்த மேற்குத் திசையில்தான் உள்ளன. கடற்காற்று சென்றடையத் தாமதமாகும் பகுதிகள் அவை. சட்டை அணியுங்கள், களிம்பு பூசுங்கள், தொப்பி வையுங்கள் என்று மனிதருக்கே 1981 முதல் பரப்புரை செய்துவரும் நாடு இது. மனிதத் தோலுக்கே இத்தனை எச்சரிக்கை தேவைப்படும் வெயிலில், காட்டு நிழலில் பிறந்த இலையை நிறுத்திவிட்டு, "இது ஏன் வாடுகிறது?" என்று கேட்பது நியாயமாகாது.

"அப்படியானால் கடையில் வெயில் தாங்கும் ஹொஸ்டா என்று அட்டை கட்டி விற்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த அட்டை பொய்யன்று. ஆனால் அதை நாம் வாசிக்கும் முறை பிழையானது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் முதன்மைக் கருத்து இதுவே. தாங்கும் என்றால் சாகாமல் இருக்கும் என்று பொருள். மகிழ்ந்து வளரும் என்று பொருளன்று. மேலும், ஹொஸ்டா வகைகளுள் பெரும்பாலானவை வட அரைக்கோளத்துத் தோட்டங்களில் உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டவை. அங்குள்ள முழு வெயில் வேறு. ரார்னீற்றிலும் கிளைட்டிலும் கொன்கிறீற்றுத் தரைக்கும் கறுப்பு வேலிக்கும் இடையில் அடிக்கும் முழு வெயில் வேறு. அட்டை தாங்கும் என்று சொன்னால், அதைக் "காலை வெயிலைத் தாங்கும், தண்ணீர் குறையாதிருந்தால்" என்று நீட்டி வாசியுங்கள்.

அவ்வாறு நீட்டி வாசித்த பின்பும் நம்பிக்கையோடு தேர்ந்தெடுக்கக்கூடிய வகைகள் உண்டு. இளமஞ்சட்பச்சை நிறத்தில் பேரிலை விரிக்கும் 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' அவற்றுள் ஒன்று. அதன் இலை தடித்தது. நத்தையும் அதை எளிதில் கடிப்பதில்லை. எனினும் நான் முதலிடம் கொடுப்பது ஹொஸ்டா பிளாண்டஜினியா என்னும் சீனத்து இனத்துக்கும் அதன் வழிவந்த 'றோயல் ஸ்டாண்டர்ட்', 'குவாக்கமோலி' முதலிய மணமுள்ள வகைகளுக்கும்தான். சீனாவின் வெப்பமான பகுதிகளைச் சேர்ந்த இனமாதலால் வெயிலும் வெப்பமும் இதற்குச் சற்றுப் பழக்கம். உறக்கத்துக்கு வேண்டிய குளிரும் குறைவு. குளிர்காலம் மென்மையாய்க் கழியும் சிட்னிக்கு இது முக்கியமான செய்தி.

இந்தச் செடியின் பெயரில் கத்தோலிக்கராகிய நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சியும் உண்டு. வட அரைக்கோளத்தில் இது ஓகஸ்டு மாதத்தில் பூப்பதால், அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவின் பெயரால் விண்ணேற்பு லில்லி என்றும் இதை அழைக்கின்றனர். மடுவில் ஓகஸ்டு 15ஆம் நாள் நம் மக்கள் திரளும் அதே பெருவிழா. இங்கே பருவம் மாறுவதால் இது கோடையின் பிற்பகுதியில், பெப்ரவரியை ஒட்டிப் பூக்கும். அதாவது, லூர்து அன்னையின் நாளாகவும் உலக நோயாளர் நாளாகவும் திருச்சபை கடைப்பிடிக்கும் பெப்ரவரி 11ஆம் நாளை ஒட்டி. தூய வெண்ணிறப் பூ, மாலைப் பொழுதில் விரியும், இரவில் மணக்கும். நோயுற்றோர் ஒருவரைச் சந்திக்கச் செல்லும்போது ஒரு தண்டு கொண்டுசெல்லுங்கள். கடையில் வாங்கிய பூவைவிட அது அதிகம் பேசும்.

சரி, வகையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. வெயில் விழும் வளவு ஒன்றே இருக்கின்றது. என்ன செய்யலாம்?

முதலாவது, திசை. வீட்டின் கிழக்குப் பக்கம் சிறந்தது. காலை பத்து அல்லது பதினொரு மணிவரை வெயில், பின் வீட்டின் நிழல். தெற்குப் பக்கமும் நன்று. ஆனால் டிசம்பரில் ஞாயிறு தென்கிழக்கே எழுந்து தென்மேற்கே விழுவதால், அதிகாலையிலும் அந்தியிலும் அங்கும் சற்று வெயில் படும் என்பதை நினைவில் வையுங்கள். மேற்குப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறும் வெப்பம், கோடையில் இரவு எட்டரை மணிவரை இறங்குவதில்லை. சுவரும் வேலியும் அதன் பின்பும் சூடு கக்கும். நடுமுன்னர் ஒரு விடுமுறை நாளில் மூன்று மணிக்கொருமுறை வெளியே சென்று நிழல் எங்கே விழுகிறதென்று பாருங்கள். எந்த நூலும் உங்கள் வளவை உங்களைவிட நன்கு அறியாது.

இரண்டாவது, பந்தல். இது நம்முடைய கலை. பாகலுக்கும் புடலைக்கும் சுரைக்கும் நம்மவர் இங்கும் பந்தல் போடுகின்றனர். அப்பந்தலின் கீழ் என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் வெறுந்தரை. வெயில் கொடுமையாகும் சனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் கொடி அடர்ந்து நிழல் தரும். வசந்தகால இளவெயில் ஹொஸ்டாவுக்குத் தீங்கு செய்யாது. குளிர்காலத்தில் கொடியும் காய்ந்துவிடும், ஹொஸ்டாவும் உறங்கிவிடும். ஒன்றின் நாட்காட்டி மற்றதன் நாட்காட்டியோடு இத்தனை அழகாகப் பொருந்துவதைக் கண்டபோது நான் வியந்தேன். காய் மேலே, இலை கீழே. கொடியின் வேர் தண்ணீருக்குப் போட்டியிடாதிருக்க, ஹொஸ்டாவைச் சாடியிலேயே வைத்துப் பந்தலடியில் இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, மண்ணும் நீரும். மக்கிய உரத்தைத் தாராளமாய்க் கலந்து, மேலே ஐந்து முதல் ஏழு சென்றிமீற்றர் கனத்துக்குப் பட்டாணி வைக்கோலோ கரும்புச் சக்கையோ பரப்புங்கள். முளை வரும் நடுப்பகுதியை மட்டும் மூடாதீர்கள், அழுகிவிடும். தண்ணீரை அதிகாலையில், வேரடியில், ஆழமாக ஊற்றுங்கள். நாள்தோறும் மேலோட்டமாய்த் தெளிப்பதைவிட இடைவிட்டு ஆழமாய் நனைப்பது நன்று. ஆனால் சாடிச் செடிக்குக் கடும் வெயில் நாட்களில் நாள்தோறும் வேண்டும். சாடி பெரியதாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். பூசாத மண்சாடி விரைவில் உலர்ந்துவிடும்.

நான்காவது, பெருவெப்ப நாள். நாற்பது பாகை என்று முன்னறிவிப்பு வந்தால், முதல்நாள் மாலையே நன்றாய் நனைத்துவிட்டு, நாலு தடிகளை நட்டு, மேலே பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள். கடையில் விற்கும் நிழல்வலையும் போதும். இலைமேல் நேரே போர்த்தாதீர்கள், காற்று ஓடட்டும். கருகிய இலைகளை உடனே வெட்டி எறியவும் வேண்டாம். வெப்ப அலை கடக்கும்வரை கீழுள்ள இளம் இலைகளுக்கு அவையும் சற்று நிழல் தரும். அடிக்கட்டை உறுதியாய் இருந்தால் செடிக்கு உயிர் உண்டு. இடம் மாற்றுவதாயின் ஏப்ரலில், அல்லது முளை வரும் வேளையில் மாற்றுங்கள்.

சிட்னியில் வாழ்வோருக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் இடர் வெயில் மட்டுமன்று. குளிர் போதாமையும் ஒன்று. உறக்கம் கிடைக்காத செடி ஆண்டுக்காண்டு சிறுத்துப்போகும். ஜூன் முதல் ஓகஸ்டு வரை சாடியை வளவின் மிகக் குளிர்ந்த மூலைக்கு மாற்றுங்கள். புளூ மவுண்டன்சிலும், மெல்பேர்ணுக்கு அருகே டண்டினோங் மலைத்தொடரிலும் ஹொஸ்டா செழிப்பதைக் கண்டு மயங்கி, சமவெளியிலும் அதே செழிப்பை எதிர்பாராதீர்கள்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கவனம் தேவை. ஹொஸ்டாவைத் தின்றால் அவற்றுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நத்தைக்கு இடும் நச்சுக் குளிகைகள் நாய்களுக்கு அதைவிடக் கொடியவை. இரவில் கைவிளக்கோடு சென்று நத்தைகளைப் பொறுக்குவதே பாதுகாப்பு. பேரப்பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டும்கூட. சாடிமண் பையைத் திறக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். பையில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை வெறும் சடங்கன்று. லீஜனெல்லா என்னும் கிருமி அம்மண்ணிலிருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும். முதியோர் இதில் சிறப்பாய்க் கவனமாய் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு இதை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்போர் இருப்பார்கள். நியாயமான கேள்வி. நிழலும் இல்லை, நீரூற்ற நேரமும் இல்லை என்றால், தயவுசெய்து ஹொஸ்டாவை வாங்காதீர்கள். வெயில் விழும் வடக்குச் சுவர் ஓர் அருங்கொடை. அங்கே கறிவேப்பிலையை வையுங்கள். மிளகாயை, கத்தரியை வையுங்கள். சிட்னியில் முருங்கையையும் முயன்று பாருங்கள். குளிரில் ஒடுங்கும் நம் ஊர்ச் செடிகளுக்கு அந்தச் சுவர் தாய்மடி. வெயிலை விரும்பும் செடி வெயிலில் நிற்கட்டும். அழகுக்காக ஒரு நிழற்செடியை வாங்கி, ஒரு கோடை வதைத்து, மறு கோடைக்கு வேறொன்றை வாங்குவதை நான் தோட்டக்கலை என்று சொல்லமாட்டேன். படைப்பின் மீதான அக்கறையை வலியுறுத்தித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருமடல் எழுதினார். அந்த அக்கறை அமேசன் காடுகளில் மட்டும் தொடங்குவதில்லை. நம் பூச்சாடியிலும் தொடங்குகின்றது.

ஆனால் சில செடிகள் நாம் தேர்ந்து வாங்கியவை அல்ல. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. அந்த அம்மாவின் சாடி அப்படிப்பட்டது.

கருகிய சாடியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் சென்ற அன்று, அம்மாவின் அறைக்கும் போனேன். மேல்மாடி, மேற்குப் பக்கம். சன்னலுக்கு வெளியே மறைப்பேதும் இல்லை. மாலை ஐந்து மணி. அறை அடுப்பாய் இருந்தது. அம்மா ஈரத்துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த அறை இவருக்குச் சூடாயிருக்காதோ?" என்று மகனிடம் மெல்லக் கேட்டேன். அவர் நல்ல பிள்ளை. தாயை நேசிப்பவர். சிறிதும் யோசியாமல், பெருமையோடுதான் சொன்னார்: "அம்மா எல்லாம் தாங்குவா, சுவாமி."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. வடக்குச் சுவரோரம் சாடியை வைக்கச் சொன்னவன் நான். அதுமட்டுமன்று, போரையும் இடப்பெயர்வையும் கடந்துவந்த நம் தாய்மாரைப் பற்றி எத்தனை மறையுரைகளில் நானும் இதே சொல்லைப் புகழ்ச்சியாய்ச் சொல்லியிருக்கிறேன்! அவர்கள் தாங்கியது உண்மை. ஆனால் தாங்கத் தெரிந்தவர்கள் என்பதனாலேயே அவர்களுக்கு நிழல் தேவையில்லை என்று எப்போது முடிவு செய்தோம்? அட்டையில் "வெயில் தாங்கும்" என்று எழுதியிருந்ததால் செடியை வெயிலில் நிறுத்தியதைப் போன்றதல்லவா இது?

யோனா இறைவாக்கினரின் நூலில் இறுதி அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். நினிவே நகருக்கு வெளியே மனக்கசப்போடு அமர்ந்திருக்கிறார் யோனா. இறைவன் இரக்கம் காட்டியதே அவருக்குக் கோபம். அத்தகைய மனிதருக்கு ஆண்டவர் முதலில் செய்தது என்ன? ஓர் ஆமணக்குச் செடியை வளரச் செய்து, அவர் தலைக்கு மேல் நிழல் கொடுத்தார். மறுநாள் புழு அரித்துச் செடி வாடியது. வெப்பக் காற்று வீசியது. வெயில் தாக்கி யோனா சோர்ந்துபோனார். பாடம் அதன் பின்பே வந்தது. இப்பகுதியைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். எப்போதும் பாடத்துக்கே விரைந்துவிட்டேன். நிழலைக் கவனிக்கவில்லை. கசந்துபோன மனிதருக்குக்கூட, அவர் கேளாமலே, கடவுள் நிழல் தந்தார். தாங்கிக்கொள் என்று சொல்லித் தொடங்கவில்லை.

மகனோடு பின்னொருநாள் பேசினேன். எளிதான உரையாடல் அன்று. அதை இங்கே விரித்துச் சொல்வது முறையுமன்று. இன்று அம்மாவின் சன்னலுக்கு வெளியே ஒரு மறைப்புத் திரை இருக்கின்றது. பிற்பகல்களில் அவர் கீழ்த்தளத்தின் கிழக்கு அறையில் இருக்கிறார். கிழக்கு வேலியோரம் ஒரு ஜப்பானிய மேப்பிள் கன்றை மகனும் பேரனும் நட்டிருக்கிறார்கள். அது நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை பாகற்பந்தல்.

ஹொஸ்டா என்னவாயிற்று? குளிர்காலம் முழுவதும் அறைவீட்டின் தெற்குச் சுவரோரம் வைத்திருந்தேன். வெறும் மண்தான் தெரிந்தது. செப்தெம்பர் மூன்றாம் வாரத்தில் இரண்டு முளைகள் வந்தன. முன்பு பத்துக்கு மேல் வந்த சாடி அது. மற்றவை திரும்பி வரவில்லை. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். அந்த அயல்வீட்டுப் பெண்மணியின் பெயரைச் சொன்னார். பிறகு, "இந்த முறை நான் சொல்லுற இடத்தில வையுங்கோ, சுவாமி" என்றார். வைத்தேன்.

ஆகவே, சென்ற ஞாயிறு கேட்ட மூவருக்கும் என் பதில்: வளரும். காலை வெயிலில், நிறைந்த நீரில், தகுந்த வகை வளரும். பிற்பகல் வெயிலில் சில காலம் தாங்கும். ஆனால் தாங்குவதைத் தழைப்பதென்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இந்தக் கோடை தொடங்குமுன் வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்த அதே கண்ணோடு வீட்டுக்குள்ளும் வந்து, யார் எந்த அறையில் இருக்கிறார் என்றும் பாருங்கள். முறையிடாதவரிடம் முதலில் செல்லுங்கள்.

அனைவரையும் செபத்தில் நினைவுகூர்கிறேன். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.